ஆல்ஃபா 0.93 வந்துவிட்டால் வினாநிரல் ஏற்புடையதாகிவிடுமா?

கேள்வி: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அளக்க, 24 கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்றை முதுநிலை ஆய்வுக்காகத் தயாரித்திருக்கிறேன். ஐந்து நிபுணர்கள் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 120 நோயாளிகளிடம் நிரப்பி வாங்கியதில் க்ரான்பாக் ஆல்ஃபா 0.93 வந்தது. ‘ஏற்புடைமை நிறுவப்பட்ட வினாநிரல்’ என்று ஆய்வேட்டில் எழுதலாமா? இல்லையென்றால், கையில் சில மாதங்களே இருக்கும் நிலையில் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம். 0.93 என்பது தவறான எண் அல்ல. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. கேள்விகளுக்கு வந்த விடைகள் தமக்குள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை மட்டுமே ஆல்ஃபா காட்டுகிறது. அவை சேர்ந்து எதை அளக்கின்றன, நீங்கள் அளக்க நினைத்ததைத்தான் அளக்கின்றனவா (ஏற்புடைமை என்பது இதுதான்) என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 1951இல் க்ரான்பாக் இதை விளக்கி எழுதியதிலிருந்து இன்றுவரை மிக அதிகமாகக் கணக்கிடப்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் பொருள்கொள்ளப்படுவதும் இந்த எண்தான் என்பது என் கருத்து.

கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே ஆல்ஃபாவும் கூடும். கேள்விகளுக்கிடையிலான சராசரி ஒட்டுறவு (இரண்டு விடைகள் சேர்ந்து நகரும் அளவு; முழுமையாக என்றால் 1) வெறும் 0.2 ஆக இருந்தாலும், 24 கேள்விகளுக்கு ஆல்ஃபா ஏறத்தாழ 0.86 வந்துவிடும். இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். 12 கேள்விகள் மூச்சுத்திணறலைப் பற்றியவை, மற்ற 12 மனச்சோர்வைப் பற்றியவை. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஒட்டுறவு 0.5, இரண்டு தொகுதிகளுக்கும் இடையே சுழியம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரு பொருள்களை ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டியிருக்கிறோம். அப்போதும் ஆல்ஃபா 0.88 வரும். ஆகவே, வினாநிரல் ஒரே பொருளை அளக்கிறது என்பதற்கு ஆல்ஃபாவைச் சான்றாகக் காட்ட முடியாது. அதற்கு, எந்தெந்தக் கேள்விகள் ஒரே தொகுதியாகச் சேர்கின்றன என்று பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். அதற்குக் கேள்விக்கு ஏழு பேர் என்ற கணக்கில் 168 பேர் இருப்பது நல்லது. 120 பேர் என்பது கேள்விக்கு ஐந்து பேர், கீழ்வரம்பில் நிற்கிறது. அந்த 120 பேரின் தரவிலேயே காரணிகளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அதே தரவை வைத்து அவற்றை உறுதிசெய்ததாகவும் எழுதாதீர்கள். தேர்வாளர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

ஆனால், புள்ளியியலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. ஐந்து நிபுணர்கள் பார்த்தார்கள் என்கிறீர்கள். நோயாளிகளுடன் உட்கார்ந்து கேள்விகளைப் பற்றிப் பேசியதாக எங்கும் சொல்லவில்லை. நோயாளிகள் தாமே விடையளிக்கும் அளவுகோல்களை மதிப்பிடுவதற்கான காஸ்மின் நெறிமுறைகள், எல்லாப் பண்புகளிலும் முதன்மையானதாக உள்ளடக்க ஏற்புடைமையைத்தான் வைக்கின்றன. கேள்விகள் நோயாளிக்குப் பொருத்தமானவையா, முக்கியமான எதுவும் விடுபடாமல் இருக்கிறதா, கேட்பது அவருக்குச் சரியாகப் புரிகிறதா ஆகிய மூன்றையும் அது உள்ளடக்கும். நிபுணர்கள் முதல் இரண்டில் ஓரளவு உதவுவார்கள். மூன்றாவதை நோயாளியைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

இது ஏட்டளவிலான கவலை அல்ல. ‘கடந்த நான்கு வாரங்களில் படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் போன்ற ஒன்று உங்களிடமும் இருக்கும். நோய் முற்றிய ஒருவர், படி ஏற முடியாததால் படுக்கையைத் தரைத்தளத்துக்கே மாற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் ஒரு படிகூட ஏறாமல் இருக்கிறார். அவர் உண்மையைச் சொல்லி, ‘ஒருபோதும் இல்லை’ என்று குறியிடுகிறார். உங்கள் மதிப்பெண் முறையில் அவருக்குக் கிடைப்பது, எந்தச் சிரமமும் இல்லாதவருக்குக் கிடைக்கும் அதே மதிப்பெண். இதய நோயாளிகளுக்கான கான்சாஸ் சிட்டி வினாநிரலில், ‘வேறு காரணங்களால் முடியவில்லை அல்லது இச்செயலைச் செய்யவில்லை’ என்று தனி விடை ஒன்று இருப்பது இந்தப் பள்ளத்தில் விழாமல் இருக்கத்தான். இத்தகைய கேள்வி ஆல்ஃபாவைச் சற்றே குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம். அட்டவணையைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது அரிது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லும்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால், சில நிமிடங்களில் வெளிவந்துவிடும்.

எனவே உங்கள் முதல் வேலை இதுவே. நோயின் வெவ்வேறு நிலைகளில் இருப்பவர்களாக, படித்தவர்களும் அதிகம் படிக்காதவர்களும் கலந்திருக்கும்படி தேர்ந்தெடுத்து, ஒருவர் ஒருவராக நேர்காணல் செய்யுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்’, ‘எந்த நாளை நினைத்துக்கொண்டு இந்த விடையைச் சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள். ‘சோர்வாகவும் கவலையாகவும் உணர்ந்தேன்’ போன்ற இரட்டைக் கேள்விகள், நான்கு வாரம் என்று கேட்டதற்கு நேற்றைய நாளை மட்டும் நினைத்துச் சொல்லும் விடைகள் எல்லாம் இதில் பிடிபடும். புதிதாக ஒன்றும் வராத நிலை எட்டும்வரை தொடருங்கள். கேள்விகளைத் திருத்தினால், பழைய 120 பேரின் எண்கள் திருத்தப்பட்ட வினாநிரலுக்குப் பொருந்தாது. கசப்பாக இருந்தாலும், அந்தத் தரவை முன்னோட்ட ஆய்வு என்று எழுதிக்கொள்வதே நேர்மை.

இரண்டாவது, மறுசோதனை. நிலையில் மாற்றமில்லாதவர்கள் இரண்டாம் முறையும் ஏறத்தாழ அதே மதிப்பெண்ணைப் பெற வேண்டும். இரண்டு வாரம் என்பது வழக்கமான இடைவெளி. முதல் விடைகள் மறந்திருக்கும், நோய் அவ்வளவு மாறியிருக்காது. குறைந்தது 50 பேர் வேண்டும். இரண்டாம் முறை, ‘சென்ற முறையிலிருந்து உங்கள் நிலை மாறியிருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து, மாறவில்லை என்பவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். பியர்சன் ஒட்டுறவைப் பயன்படுத்த வேண்டாம்: எல்லோரும் இரண்டாம் முறை ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் பெற்றாலும் அது 1 என்றே காட்டும். எல்லோருக்கும் ஒரே திசையில் நேரும் இந்த விலகலையும் கணக்கில் கொள்ளும் ஐ.சி.சி. (உள்வகுப்பு ஒட்டுறவு) கெழுவைத் தேர்ந்தெடுங்கள்; இரு முறையும் வந்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது காட்டும். குழுக்களை ஒப்பிட 0.70 போதும், தனி நோயாளியைப் பற்றி முடிவெடுக்க 0.90 அளவில் எதிர்பார்க்கப்படுகிறது.

ஏன் இவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மதிப்பெண் 0 முதல் 100 வரை, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 15, ஐ.சி.சி. 0.84 என்று கொள்வோம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. 1 இலிருந்து 0.84 ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.4, அதை 15 ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 6. இதை 1.96 ஆலும் இரண்டின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 16.6 வருகிறது. அதாவது, ஒரு நோயாளியின் மதிப்பெண் ஏறக்குறைய 17 அளவுக்கு மாறினாலன்றி, அது உண்மையான மாற்றமா அளவீட்டின் தடுமாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதே நோய்க்குப் பரவலாகப் பயன்படும் செயின்ட் ஜார்ஜ் சுவாச வினாநிரலில் 4 மதிப்பெண் மாற்றமே நோயாளிகளுக்குப் பொருட்படுத்தத்தக்கது எனக் கொள்ளப்படுகிறது. குழுவின் சராசரியில் 4 ஐக் காண முடியும். ஒரே ஒருவரின் தாளில் காண்பது கடினம். உங்கள் வினாநிரலை மருத்துவர் தனி நோயாளிக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவுரையில் எழுத எண்ணியிருந்தால், இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எழுதுங்கள்.

மூன்றாவது, கருத்தமைப்பு ஏற்புடைமை: உங்கள் மதிப்பெண் மற்ற அளவீடுகளோடு எதிர்பார்த்தபடி தொடர்புகொள்கிறதா என்பது. இதற்கு, தரவைத் திறப்பதற்கு முன்பே எதிர்பார்ப்புகளைத் திசையோடும் அளவோடும் எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள். செயின்ட் ஜார்ஜ் மதிப்பெண்ணோடு ஒட்டுறவு 0.5க்கு மேல், ஆறு நிமிட நடைச் சோதனையோடு மிதமாக, மூச்சளவுச் சோதனையில் முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவோடு அதைவிடக் குறைவாக. கடைசியது குறைவாக இருப்பது குறையல்ல. நுரையீரலின் அளவீடும் வாழ்க்கையின் சிரமமும் தளர்வாகவே பிணைந்திருக்கின்றன, வினாநிரல் தேவைப்படுவதே அதனால்தான். எதிர்பார்ப்புகளில் 75 விழுக்காடாவது நிறைவேறினால் போதுமானதாகக் கருதலாம். செயின்ட் ஜார்ஜோடு 0.95 வந்துவிட்டால் மகிழ வேண்டாம். இருக்கும் வினாநிரல் போதாதா என்ற கேள்விக்கு நீங்கள் விடை சொல்ல வேண்டியிருக்கும். 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் மிகக் குறைந்த அல்லது மிக உயர்ந்த மதிப்பெண்ணில் குவிந்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்; அப்படிக் குவிந்தவர்களுக்குள் வேறுபாடு காண முடியாது.

காலப்போக்கில் மாற்றத்தை உணரும் திறனை இந்த ஆய்வில் தொட வேண்டாம் என்பது என் ஆலோசனை. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டிய வேலை அது. மேலும், நாட்பட்ட நோயாளிகள் காலப்போக்கில் தம் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘மிகக் கடினம்’ என்று சொன்ன அதே மூச்சுவாங்கலை இன்று ‘சமாளிக்கலாம்’ என்பார்கள். அதை நோய் தணிந்ததாக எண்ணிவிடாமல் பிரித்தறிவது, சில மாதங்களில் முடிகிற காரியம் அல்ல.

ஆய்வேட்டில் எழுதும்போது, ‘ஏற்புடைமை நிறுவப்பட்டது’ என்று பொதுவாக முடிக்காமல், எந்தெந்தப் பண்புகள், எந்த நிலையிலுள்ள நோயாளிகளிடம், தாமே நிரப்பியா நீங்கள் வாசித்துக் கேட்டா சோதிக்கப்பட்டன என்று எழுதுங்கள். ஏற்புடைமை தாளுக்கு உரியது அல்ல; அந்த மதிப்பெண்ணை யாருக்கு, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு உரியது. இந்த முறையில் எழுதினால், பார்க்காமல் விட்டவற்றை அடுத்த ஆய்வுக்கு உரியவை என்று தயங்காமல் சொல்லவும் இடம் கிடைக்கும்.