வீல்சேரில் இருப்பவர் நடனம் அமைக்க முடியுமா? அது நிஜமாகவே நடனமா, இல்லை அனுதாபக் கைத்தட்டலா?

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். முடியும், முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆக்சிஸ் என்ற நடனக் குழு 1987-ல் தொடங்கியது, லண்டனில் கேண்டோகோ குழு 1991-ல். இரண்டாவது கேள்விதான் பேசவேண்டியது.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுதா சந்திரன். 1981-ல் விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்தவர், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி பரதம் ஆடினார். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் நாம் அவரை எப்படிப் புகழ்கிறோம்? "செயற்கைக் கால் என்றே தெரியவில்லை!" தெரியாமல் இருப்பதுதான் வெற்றி என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். அந்த எண்ணத்தோடு போய், வீல்சேரில் ஆடும் ஆலிஸ் ஷெப்பர்டின் நடனத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அங்கே வீல்சேர் எதையும் மறைப்பதற்கோ ஈடுகட்டுவதற்கோ இல்லை. அசைவே அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஷெப்பர்ட் இடைக்கால இலக்கியம் கற்பித்த பேராசிரியர். ஒரு கால் இல்லாமல் ஆடிய ஹோமர் அவிலா என்ற கலைஞர், ஒரு நடன வகுப்புக்காவது போய்ப் பாருங்களேன் என்று சவால் விட்டார். போனவர் பேராசிரியர் வேலையையே விட்டுவிட்டார். ஆக்சிஸில் ஆடினார், அப்புறம் 2016-ல் கைனெடிக் லைட் என்ற சொந்தக் குழு. அதில் ஆடுபவர்கள் மட்டுமல்ல, ஒளியமைத்த மைக்கேல் மாக்கும் வீல்சேரில் இருப்பவர்தான்.

ஷெப்பர்டின் 'டிசென்ட்' என்ற படைப்பு பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் சிற்பம் ஒன்றிலிருந்து பிறந்தது. வீனஸ், ஆன்ட்ரோமிடா என்று இரண்டு புராணப் பெண்கள். ஷெப்பர்டும் லாரல் லாசனும் ஆடுகிறார்கள். மேடை முழுக்க மேடும் வளைவுமாக ஒரு பெரிய சாய்தளம். கட்டிடத்து வாசலில் கடமைக்கு வைக்கும் சாய்தளத்தை எடுத்து, அதையே ஆடுகளமாக்கிவிட்டார்கள். மேலே ஏற ஒவ்வொரு தள்ளலுக்கும் தோளும் முதுகும் இழுபடுவது தெரியும். உச்சியில் ஒரு நொடி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, கையை விட்டதும் உடல் அசையாமல் சரேலென்று கீழே வழுக்கி வருவார்கள். காலால் நடப்பவர் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அந்த வழுக்கல் வராது. அடி எடுத்து வைத்தால் உடம்பு கொஞ்சமாவது ஏறி இறங்கியே தீரும். ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்தால் சுழற்சி, உடம்பைப் பின்னால் சாய்த்தால் முன்சக்கரங்கள் எழும்பும். இடுப்பையும் நாற்காலியையும் வாரால் கட்டியிருப்பதால், கவிழ்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே உருளும். இதையெல்லாம் கற்றுத் தேர்வதற்குப் பெயர் பயிற்சிதானே?

பார்வையற்றவர்களுக்காக 'ஆடிமான்ஸ்' என்று ஒரு செயலியும் கைனெடிக் லைட் குழுவினர் செய்திருக்கிறார்கள். ஒரே நடனத்துக்குப் பல ஒலித்தடங்கள் இருக்கும். கேட்பவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். மேடையில் என்ன நடக்கிறது என்று ஒருவர் காதில் ஓதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்காட்லாந்தின் கிளேர் கன்னிங்ஹாம் வேறு வகை. அவருக்கு ஊன்றுகோல். எடையைக் கைகளுக்கு மாற்றிவிட்டுப் பாதங்களைத் தரையிலிருந்து விடுவித்துக்கொள்கிறார். அதே ஊன்றுகோலை இன்னொரு நடனக்காரர் கையில் கொடுத்தால் அது வெறும் மேடைப்பொருள். இவருக்குப் பதினாலு வயதிலிருந்து அது கூடவே இருக்கிறது. எங்கே எவ்வளவு சாய்ந்தால் வழுக்கும் என்பது உடம்புக்கே தெரியும்.

சரி, அனுதாபக் கைத்தட்டல்? அதுவும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பாதிக் குற்றம் நடன அமைப்பாளர் மேல். வீல்சேரில் இருப்பவரை நடுவில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் சுற்றி ஓடுவது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவரைத் தலைக்கு மேல் தூக்குவது — இந்த மாதிரி நடனங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதில் அவருக்கென்று அசைவே இல்லை, சிலை மாதிரி இருக்கிறார். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டும்.

இவர்களுடைய துண்டுக் காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்க்கும்போது கொஞ்ச நேரம் ஆடுபவரின் முகத்தை விட்டுவிட்டு, கை சக்கரத்தை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.