இணை நிறுவனர்களுக்கு இடையே ‘வெஸ்டிங்’ என்றால் என்ன? அது ஏன் தேவை?

நிறுவனரின் பங்கு, அவர் உழைக்கும் காலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாகும் ஏற்பாடுதான் வெஸ்டிங். பரவலாக உள்ள கணக்கு 4 ஆண்டுகள். முதல் ஆண்டு முடியும்வரை எதுவும் உறுதியாகாது. முடிந்ததும் கால் பங்கு ஒரேயடியாக உறுதியாகும், பிறகு மாதம்தோறும் 48இல் ஒரு பாகம்.

இருவர் ஆளுக்கு 50% வைத்துத் தொடங்குகிறார்கள், ஒருவர் 8ஆம் மாதம் விலகுகிறார் என்று வையுங்கள். வெஸ்டிங் இல்லையென்றால் பாதி நிறுவனம் அவரோடு போய்விடும். மற்றவர் பல ஆண்டுகள் உழைப்பதில் பாதிப் பலன் வெளியே இருப்பவருக்கு. புதிய முதலீட்டாளர்களும் இதைப் பார்த்துத் தயங்குவார்கள். வெஸ்டிங் இருந்தால் 8 மாதத்தில் விலகுபவருக்கு எதுவும் இல்லை. 18 மாதத்தில் விலகினால் அவரது 50%இல் 48க்கு 18 பாகம், அதாவது நிறுவனத்தில் 18.75%.

இருவர் சேர்ந்து கிணறு வெட்டுவதைப் போன்றது இது. இரண்டடி தோண்டிவிட்டுப் போனவர், தண்ணீர் வந்த பிறகு பாதியைக் கேட்டால் நியாயமாகுமா?

பங்கு பிரிக்கும் நாளிலேயே இதை எழுதிக் கையெழுத்திடுங்கள். மனக்கசப்பு வந்தபின் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நிறுவனம் விற்கப்பட்டால் மீதிப் பங்கு என்னவாகும் என்பதையும் சேருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

வெஸ்டிங் முடியும்வரை பங்கே கையில் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாக நிறுவனர்களுக்குப் பங்கும் வாக்குரிமையும் முதலிலேயே கிடைத்துவிடும். விலகினால் மட்டும், உறுதியாகாத பகுதியை நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.