கம்ரேட்ஸ் வருகிறது, கால் வலிக்கிறது, வீட்டிலும் வேலை: வாசகர் கேள்விகள்

மார்ச் பிறந்தால் என் பிசியோ அறை வாசலில் செருப்பு குறைந்து ரன்னிங் ஷூ கூடிவிடும். எல்லாம் கம்ரேட்ஸ் ஓட்டப் பந்தயத்துக்காக: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஜூன் மாதம் பந்தயம். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி "வலிக்கிறது" என்பவை, மீதி "நேரமில்லை" என்பவை. எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை, இரண்டும் ஒரே கேள்வி.

ஜனவரியில் ஒழுங்காக ஓடினேன் அண்ணா. பிப்ரவரியில் மகனுக்குக் காய்ச்சல், மாமியார் ஆஸ்பத்திரியில், பள்ளியில் விளையாட்டு விழா வேறு. 3 வாரம் போய்விட்டது. 150 கிலோமீட்டர் பாக்கி. எப்படி ஈடு கட்டுவது? (ஆசிரியை, சாட்ஸ்வொர்த்)

கட்ட வேண்டாம். "பாக்கி" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஜனவரி முதல் மே முடிய 1,000 கிலோமீட்டர் என்று கிளப்பில் பழைய ஆட்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். நல்ல கணக்குதான். ஆனால் அது வட்டிக்கடை இல்லை, விட்டதை வசூலிக்க யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை.

3 வாரம் ஓடாவிட்டால் மூச்சு கொஞ்சம் இறங்கும், சில வாரங்களில் பழையபடி ஏறியும் விடும். எலும்பும் தசைநாரும் அப்படியில்லை, அவை மெதுவாகத்தான் பழகும். ஆபத்தே இதில்தான்: நெஞ்சு "நான் ரெடி" என்று சொல்லும், கால் ரெடியாக இருக்காது. விடுவதற்கு முன் வாரம் 50 ஓடினீர்கள் என்றால் திரும்பும் முதல் வாரம் 25 அல்லது 30, அடுத்தது 35, பிறகு 40, நான்காவது வாரம்தான் 50. லாங் ரன்னை, அதாவது வாரத்தின் நீளமான ஓட்டத்தை, ஒரு தடவைக்கு 4, 5 கிலோமீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள்.

நேரத்துக்கு என் யோசனை, வாரம் 3 ஓட்டத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் மணி. ஞாயிறு ஒன்று நீளமாக. ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் குட்டையானதை விடுங்கள். விடியற்காலை 4:30-க்கு ஓடுவதானால் கூட்டத்தோடு ஓடுங்கள். நம் ஊரில் இருட்டில் தனியாக ஓடச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. பந்தயத்துக்கு 5, 6 வாரம் முன்னால் ஒரே ஒரு முறை 45, 50 கிலோமீட்டர் ஓடினால் போதும். அந்த ஞாயிறு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? 35-ஓடு திரும்பி வந்து கஞ்சி வையுங்கள். அந்த 35-ஐ வைத்தே பந்தயத்தை முடித்தவர்கள் நிறைய.

12 கிலோமீட்டர் தாண்டியதும் முட்டியின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவது போலிருக்கிறது. இறக்கத்தில் மோசம். நடந்தால் போய்விடுகிறது. முட்டி தேய்ந்துவிட்டதா? (பீனிக்ஸ்)

தேயவில்லை. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முட்டிக்குக் கீழே ஒட்டும் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது. ஐ.டி. பேண்ட் என்பார்கள். கால் லேசாக மடங்கியபடி தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் அது முட்டியின் வெளி எலும்பை அழுத்தும். இறக்கத்தில் மெதுவாக, பிரேக் போட்டுப் போட்டு இறங்கினால் அந்த அழுத்தம் கூடும். ரோட்டு ஓரம் சரிந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் தினமும் பள்ளத்திலேயே ஓடுகிறது.

2, 3 வாரத்துக்கு இறக்கத்தை அடியோடு விடுங்கள். கடற்கரை நடைபாதையில் ஓடுங்கள், அது மட்டமாக இருக்கும். வலி 12-இல் வருகிறதென்றால் 8-இல் நிறுத்துங்கள், வலியைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். அடியைச் சின்னதாக்கி வேகமாக வையுங்கள். ஃபோம் ரோலரில் முட்டி எலும்பின் மேலேயே உருண்டு கண்ணீர் விடுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன், அதில் பிரயோசனம் இல்லை. பலவீனம் முட்டியில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து, சுவரில் முதுகும் குதிகாலும் ஒட்டியிருக்க, மேல் காலை ஒரு முழம் தூக்கி மெதுவாக இறக்குங்கள். குதிகால் சுவரை விட்டு வந்தால் நீங்கள் தொடையை வைத்து ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். 15 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், இதற்கு நேரமில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

இது இறங்கு ஓட்டம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு) ஓடுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். ஃபீல்ட்ஸ் ஹில் வரும்போது இன்னும் 20 சொச்சம் கிலோமீட்டர் பாக்கி இருக்கும். அங்கே பைன்டவுன் வரை சாலை 3 கிலோமீட்டர் போல சரிந்துகொண்டே போகும். ஏற்றத்தில் தாக்குப்பிடித்தவர்கள் இந்த இறக்கத்தில்தான் பக்கவாட்டில் நடப்பார்கள், நண்டு மாதிரி.

கால் விரல் நகம் கறுத்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

வேண்டாம், அதுவே விழும். ஷூவை அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

பந்தய நாளில் 60 கிலோமீட்டருக்கு மேல் வலிக்கும். முன்கூட்டியே 2 புரூஃபன் போட்டுக்கொண்டு கிளம்பலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. மணிக்கணக்காக ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இருக்கிற ரத்தத்தை அங்கே போகவிடும் ஏற்பாட்டை ஐபுரூஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் முடக்கிவிடும். உடைந்த தசையின் கழிவும் அதே சிறுநீரகத்தின் தலையில்தான் விழுகிறது. ஓட்டம் முடிந்து சிறுநீர் கோக் நிறத்தில் போனால் நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

கூடவே இன்னொன்று: வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வாங்கி வாங்கிக் குடிக்காதீர்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகும். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இதைக் கண்டு டிம் நோக்ஸ் முதலான தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1985-லேயே எழுதினார்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள். வழியில் தரும் உப்பு போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கை விடாதீர்கள், அதைப் போல ருசி வேறு எந்த நாளிலும் வராது.

நான் நர்ஸ். மாலை 7 முதல் காலை 7 வரை நைட் டியூட்டி. டியூட்டி முடிந்ததும் நேராக ஓடிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்கிப்போவேன். ஆனால் மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு பிடிப்பு. (இசிப்பிங்கோ)

தூங்கிப்போக வேண்டியவர் தூங்கத்தான் வேண்டும் தங்கச்சி. 12 மணி நேரம் வார்டில் நின்ற கால் உங்களுடையது, அதுவே ஒரு பயிற்சி. காலையில் தூங்கி எழுந்து, டியூட்டிக்குப் போகுமுன் அரை மணியோ 40 நிமிடமோ லேசாக ஓடுங்கள். டர்பன் வெயிலும் புழுக்கமும் மார்ச்சில் இன்னும் விட்டுப்போகாது, வேகத்தைப் பார்க்காதீர்கள். நைட் 4 வரும் வாரத்தில் 2 ஓட்டம் போதும். லாங் ரன்னை லீவின் முதல் நாள் வைக்க வேண்டாம், இரண்டாம் நாள் வையுங்கள். நைட் முடிந்து 30 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் கார் ஓட்டுகிறீர்களே, முட்டிப் பிடிப்பை விட எனக்கு அதுதான் பயம்.

புனித வெள்ளியன்று தீ மிதிக்கிறேன், 10 நாள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு. மறுநாள் கிளப்பில் 40 கிலோமீட்டர். சமாளிக்கலாமா? (டொங்காட்)

மறுநாள் வேண்டாம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், பாதத்தைப் பாருங்கள். அன்றிரவு ஒன்றும் தெரியாது. மறுநாள் 15 கிலோமீட்டரில் வியர்வையில் ஊறிய சாக்ஸுக்குள் ஓரத்துக் கொப்புளம் வாயைத் திறக்கும். கொப்புளத்தைக் காப்பாற்ற நொண்டி ஓடுவீர்கள், நொண்டியதில் இடுப்பு பிடிக்கும், அந்த இடுப்போடு ஏப்ரல் கடைசியில் என்னிடம் வருவீர்கள். இதே கதையை 3 பேரிடம் கேட்டிருக்கிறேன்.

விரத நாட்களைக் குறைத்து ஓடும் வாரம் என்று இப்போதே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள். எந்தத் திட்டத்திலும் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு வாரம் வேண்டும், சாமியே பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஓடுவதானால் அந்த ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஓடுங்கள், வந்ததும் பருப்பும் சோறும் தயிரும் உள்ளே போய்விடும். 40-ஐ அடுத்த வார ஞாயிறுக்குத் தள்ளுங்கள். 2 ஞாயிறில் 80 ஓட வேண்டாம். (ஆசிரியைக்குச் சொன்னதுதான்.)

உள்பக்கக் கால் எலும்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஒரு புள்ளி. விரல் வைத்தால் துள்ளுகிறேன். ஓட ஓடக் கூடுகிறது. கிளப்பில் "ஷின் ஸ்பிளின்ட்ஸ், ஐஸ் வை, ஓடு" என்கிறார்கள். (ஐ.டி. ஊழியர், லெனேசியா)

இன்றே நிறுத்துங்கள். ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்றால் வலி ஒரு கையகலத்துக்குப் பரவியிருக்கும், உடம்பு சூடானால் குறையும். ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, ராத்திரி படுக்கையில் நச்சரிக்கிற வலி, ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்கிற வலி, இவை எலும்பில் கீறல் என்று சந்தேகப்பட வேண்டியவை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். மகளுக்கு அம்மை, 2 வாரம் ஓடவில்லை. மூன்றாவது வாரம் வழக்கமான 60-க்குப் பதில் 95 ஓடினேன், திட்டத் தாளில் கட்டமெல்லாம் நிரம்பியது. நான்காவது வாரம் அதே புள்ளி. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். பிசியோவான எனக்கு அது போதாது என்று தெரியும், ஆனால் ஓட்டக்காரனான எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இன்னும் 10 நாள் ஓடினேன். அந்த ஜூனில் போர்வையைப் போர்த்திக்கொண்டு காலை முதல் சாயங்காலம் வரை டிவியில் கம்ரேட்ஸ் பார்த்தேன்.

உள்பக்கக் கீறல் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் ஆறும். வலியில்லாமல் முடிந்தால் அதுவரை சைக்கிள், நீச்சல் குளத்தில் மிதவை கட்டிக்கொண்டு ஓட்டம். எலும்பின் முன்விளிம்பிலோ தொடை இடுக்கிலோ அந்த வலி என்றால் காத்திருக்க வேண்டாம், அது வேறு ரகம், அன்றே டாக்டர். பெண்களுக்கு ஒரு வார்த்தை: எலும்பு கீறி, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"ஓட்டத்தையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்கிறாள் மனைவி. (ஷால்கிராஸ்)

காலை 4:30-க்குப் போய் 8:30-க்கு வந்தால் அவர் கோபிக்க மாட்டார். வந்தபின் மத்தியானம் வரை சோபாவில் கிடக்கிறீர்கள், பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க ஆளில்லை. உட்கார்ந்தபடியே உரிக்கலாம்.

வயது 54, சர்க்கரைக்கு மாத்திரை. அடுத்த வருடம் ஓட ஆசை. (வெருலம்)

ஆசைப்படலாம். நம் சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு என்று உங்கள் தெருவைப் பார்த்தாலே தெரியும், அதனால் முதலில் இதயப் பரிசோதனை. மாத்திரைப் பெயர்களை எழுதி எடுத்துப்போய் டாக்டரிடம் "இதைப் போட்டுக்கொண்டு 5 மணி நேரம் ஓடினால் என்ன ஆகும்" என்றே கேளுங்கள். சில மாத்திரை சர்க்கரையைக் கீழே தள்ளும், சில வகை நீண்ட ஓட்டத்தில் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஓடி வந்ததும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள், உணர்ச்சி மங்கிய பாதம் புண்ணைச் சொல்லாது. இந்த வருடம் 10 கிலோமீட்டர், நடந்தும் ஓடியும்.

அந்தக் காலத்தில் நம் ஆட்களை ஓடவே விடவில்லை என்கிறார் தாத்தா. நிஜமா?

நிஜம். பந்தயம் 1921-இல் 34 பேரோடு தொடங்கியது. வெள்ளையரல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தது 1975-இல்தான். 1935-இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் பட்டியலில் பெயரில்லாமலே ஓடி முடித்தார். இப்போது 9 மணிக்கு மேல், 10 மணிக்குள் வருகிறவர்களுக்குத் தரும் பதக்கம் அவர் பெயரில் இருக்கிறது.

கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது, இன்னும் 5 வாரம் ஓடக் கூடாதாம். கட்டணம் கட்டியாயிற்று. ட்ரம்மண்ட் வரை மட்டும் ஓடி நிறுத்திக்கொள்ளட்டுமா?

ட்ரம்மண்ட் பாதி வழி. ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம் பெயர் சொல்லிக் கத்தும், அங்கே தானாக நிறுத்திய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்களும் நிறுத்த மாட்டீர்கள். அதனால் கிளம்பவே வேண்டாம்.

வழியில் தண்ணீர் மேசைக்கு எப்போதும் ஆள் பற்றாது, எங்கள் கிளப் மேசைக்கு வாருங்கள். தண்ணீர் சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் இருக்கும். நடுவில் பிடிக்காமல் மூலையை இரண்டு விரலால் பிடித்துக் கையை நீட்டி நில்லுங்கள், ஓடிவருகிறவர் பறித்துக்கொண்டு பல்லால் கடித்துக் கிழித்துக்கொள்வார். உருளைக்கிழங்குத் தட்டை இடது கையில். பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வாருங்கள், 10 மணிக்குள் கால் முழுக்க நனைந்துவிடும்.