கொழும்புப் புறநகர் ரயிலுக்கு வன்னிக்காரரின் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

கொழும்பில் ரயிலில் தொங்கிப் போகிறவர்களுக்காகக் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் இருக்கிற நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும், டிக்கெட் விலையைக் கூட்டிச் சமாளிக்கட்டுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் பதில்.

முதலில், அங்கே தொங்குகிறவர்கள் யார்? என் மகள் ராகமையில் அறை எடுத்துத் தங்கிக் கொழும்புக் கோட்டையில் வேலை செய்கிறாள். ஒரு நாள் காலை அவளோடு போனேன். வெயாங்கொடையிலும் கம்பஹாவிலும் ஏறியவர்களால் பெட்டி நிரம்பித்தான் வந்து நின்றது. பிள்ளை முதுகுப் பையைக் கழற்றி நெஞ்சில் மாட்டிக்கொண்டு, "அப்பா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்று என்னைத் தள்ளி ஏற்றிவிட்டுத் தான் மிதிபலகையில் நின்றாள், ஒரு காலுக்குத்தான் இடம், வாசல் கம்பி ஒன்றையே நாலு பேர் பிடித்திருந்தார்கள். பழகிவிட்டது என்றாள். எனக்கு நெஞ்சு பதறியது. 2023 செப்டெம்பரில் சாரதிகளின் வேலைநிறுத்தத்தால் ரயில்கள் குறைந்தபோது, ஹொரப்பேயில் ஒரு இளைஞன் ரயில் கூரையிலிருந்து விழுந்து செத்தான். அவனும் யாரோ பெற்ற பிள்ளை.

சீசன் டிக்கெட்டில் போகிறவர்கள் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் காரியாலயத்திலும் கைக்கும் வாய்க்கும் சம்பளம் எடுக்கிற ஆக்கள், அதில் நம் பிள்ளைகளும் எத்தனையோ பேர். விலையைக் கூட்டினால் கூட்டம் குறையலாம், ஆனால் அவ்வளவு பேரும் மோட்டார் சைக்கிளில் றோட்டுக்கு வருவார்கள். அப்புறம், ரயில்வே ஒரு அரசாங்கத் திணைக்களம். டிக்கெட் காசு திறைசேரிக்குப் போகிறது, செலவுக்குக் காசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. எங்கள் பாதைக்கும் அதே பெட்டகம்தான்.

அந்தப் பெட்டகம் வன்னியில் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். 1990இல் போரால் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன, ரயிலையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. இந்தியக் கடனில் நல்ல பாதை போட்டார்கள், ரயில் மணிக்கு 100 கிலோமீற்றரில் வருகிறது. ஆனால் றோட்டும் தண்டவாளமும் குறுக்கிடுகிற கடவைகள்? 2019 ஜூனில் கிளிநொச்சியில் பாதுகாப்பற்ற கடவையில் ராணுவ வாகனத்தில் ரயில் மோதி ராணுவத்தினர் இறந்தார்கள். மாடுகள் அடிபடுவதோ வழக்கமாகிப் போனது. கடவையில் நிற்கிற தற்காலிக ஊழியர்களுக்கு நாளுக்கு 250 ரூபா கொடுத்து வருடக்கணக்காக வைத்திருந்தார்கள், அவர்கள் றோட்டில் இருந்து போராடியும் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கடவையில் ஒரு தகரக் கொட்டில்தான் இருந்தது. அதற்குள் இருந்தவர் தூரத்தில் ரயிலின் கோன் சத்தம் கேட்டதும் எழும்பி ஓடித் தடியை இறக்குவார். இரவில் ஒரு ரோச் லைட், அவ்வளவுதான்.

நாடா வெட்டித் திறக்கக்கூடியதற்குக் காசு கிடைக்கிறது. திருத்த வேலைக்கும் உதிரிப்பாகத்துக்கும் கேற் காவலுக்கும் கிடைப்பதில்லை. கொழும்பிலும் இதே கதைதான். ஒரு பெட்டி பழுதாகித் திருத்தப் போனால் மிச்சப் பெட்டிகளோடு ரயில் ஓடும், கூட்டம் குறையாது, மிதிபலகையில் இன்னும் பத்துப் பேர் கூடுவார்கள்.

ஆகவே கொழும்புக்குக் கொடுக்காதே என்று கேட்காதீர்கள். பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் தனியாக, வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி காசு ஒதுக்கச் சொல்லி, அதில் எங்கள் கடவைகளுக்கு எவ்வளவு என்று நம் எம்.பி.மாரைப் பாராளுமன்றத்தில் கேட்க வையுங்கள்.