தண்ணீர் படாமல் போன பிள்ளை
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம். சென்ற ஆடி மாதம் எனக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இரண்டு நாள் இருந்து இறந்துவிட்டாள். உள்ளே யாரையும் விடாததால் சாமியாரை அழைக்க முடியவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவும் இல்லை. தண்ணீர் படாத பிள்ளை மோட்சம் சேராது என்று என் மாமியார் சொல்கிறார். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகத்தான் புதைத்தார்கள். என் மகள் எங்கே இருக்கிறாள்?
(பெயர் வெளியிட வேண்டாம், தருமபுரி மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகள் தன்னைப் படைத்த கடவுளின் கையில் இருக்கிறாள். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாமல் இறந்த குழந்தை மீட்படையாது என்பதை, எல்லாரும் ஏற்றே ஆக வேண்டிய விசுவாசக் கோட்பாடாகக் கத்தோலிக்கத் திருச்சபை ஒருபோதும் அறிக்கையிட்டதில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் மாமியார் மீது வருத்தம் கொள்ளாதீர்கள். அவர் தாமாகக் கற்பித்துச் சொன்னதன்று இது. அவருடைய தாயும் பாட்டியும் உபதேசியாரிடம் கேட்டு வளர்ந்ததைத்தான் அவரும் சொல்கிறார். கோவிலூர்ப் பக்கத்தில் மருத்துவச்சியாக இருந்த என் அப்பாவழிப் பாட்டி, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் வீட்டில் வெந்நீருக்கு அடுப்பு மூட்டும்போதே ஒரு சொம்பில் சுத்தமான தண்ணீரைத் தனியே எடுத்து வைப்பார். பிறந்த பிள்ளை மூச்சுத் திணறினால், தாயைக் கவனிக்கும் முன்பே அதன் தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவார். சாமியார் எப்போதாவது ஒரு முறை வந்துபோன காலம் அது. பிள்ளைகள் பிறப்பதும் இறப்பதும் அவர் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் பிறந்த பக்தியே பின்னர் அச்சமாகவும் மாறி, உங்கள் வீடு வரை வந்திருக்கிறது.

அந்த அச்சத்துக்கு நெடிய வரலாறு உண்டு. தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறந்தாலன்றி ஒருவர் இறையாட்சிக்கு உட்பட இயலாது என்று நிக்கதேமிடம் ஆண்டவர் சொன்னதை யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனிதர் அருளின் துணையின்றித் தம் முயற்சியாலேயே நேர்மையாளர் ஆகலாம் என்ற பெலாஜியுசின் போதனையை ஐந்தாம் நூற்றாண்டில் எதிர்த்த புனித அகுஸ்தீன், பச்சிளங்குழந்தைக்கும் கிறிஸ்து தேவைப்படுகிறார் என்பதை நிலைநாட்ட முற்பட்டு, அந்த வசனத்தை அதன் முழுக் கடுமையோடு எடுத்துக்கொண்டார். திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் தண்டனைக்கு உட்படுவர், ஆனால் அத்தண்டனை எல்லாவற்றிலும் மிக மென்மையானதாக இருக்கும் என்பதே அவர் சென்று சேர்ந்த முடிவு. அதை எழுதும்போது அவருடைய நெஞ்சும் கலங்கியது என்பதை அவருடைய கடிதங்களை வாசிப்பவர் உணரலாம். அவருக்குச் சற்று முன்னர் கிழக்கே வாழ்ந்த நாசியான்சு நகர்ப் புனித கிரகோரியோ, இத்தகைய குழந்தைகள் மாட்சி பெறுவதுமில்லை, தண்டனை பெறுவதுமில்லை என்று போதித்தார். ஆகவே தொடக்க நூற்றாண்டுகளிலேயே ஒரே கருத்து இருக்கவில்லை.

இடைக்காலத்து இறையியலாளர்கள் அகுஸ்தீனின் கடுமையைத் தாங்க மாட்டாமல் கண்டுபிடித்த வழிதான் 'லிம்போ'. கடவுளை நேருக்கு நேர் காணும் பேறு அங்கே கிடையாது; துன்பமும் கிடையாது. இழந்தது இன்னதென அறியாத அக்குழந்தைகள் இயல்பான மகிழ்ச்சியில் வாழ்வார்கள் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். பல நூற்றாண்டுகள் மறைக்கல்வியில் கற்பிக்கப்பட்ட போதிலும் அது இறையியலாளர்களின் கருத்தாகவே இருந்ததேயன்றி, விசுவாசக் கோட்பாடு என்ற நிலையை அடையவே இல்லை.

1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் லிம்போவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் 1261ஆம் பத்தி, திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என்று கூறி, "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்ற ஆண்டவரின் சொல்லை அதற்குச் சான்றாக வைக்கிறது. அதற்குச் சற்று முன்னுள்ள 1257ஆம் பத்தியில் இருக்கும் ஒரு கருத்தை நான் மறைக்கல்வி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் திருமுழுக்கு போன்ற தம் அருளடையாளங்களால் கட்டுண்டவர் அல்லர். வாசல் நமக்காக வைக்கப்பட்டது. வீட்டுக்காரர் வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதில்லை. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட நீண்ட ஆவணமும் லிம்போ என்னும் கோட்பாடு மீட்பைத் தேவைக்கு மீறிக் குறுக்கிவிடுகிறது என்று கண்டு, இக்குழந்தைகள் மீட்கப்பட்டுக் கடவுளைக் காண்பார்கள் என எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்று முடித்தது.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆவணம் சொல்வது உறுதியான அறிவை அன்று, எதிர்நோக்கை. நம் பேச்சில் விசுவாசம், எதிர்நோக்கு இரண்டையுமே நம்பிக்கை என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. விவிலியத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒன்றைத் திருச்சபை தனக்குத் தெரியும் என்று சொல்வதில்லை. ஆனால் எதிர்நோக்கு என்பது பாதி ஐயமும் அன்று. கடவுள் யார் என்று அறிந்தவர், அவர் எப்படி நடப்பார் என்று காத்திருப்பதே எதிர்நோக்கு.

இஸ்ரயேல் அரசர் தாவீதின் குழந்தையைப் பற்றிய பகுதியை வாசியுங்கள். சாமுவேல் இரண்டாம் நூல் பன்னிரண்டாம் அதிகாரம். அக்குழந்தை ஏழாம் நாள் இறந்தது. பிறந்த நாளிலிருந்து எண்ணினால், உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனத்துக்குரிய எட்டாம் நாள் வருவதற்கு முந்தைய நாள் அது. ஏழு நாள் உண்ணாமல் தரையில் கிடந்த தாவீது, பிள்ளை இறந்த பிறகு எழுந்து குளித்து ஆண்டவரின் இல்லத்துக்குப் போனார்; நான் அவனிடம் போவேனேயன்றி அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான் என்றார். அடையாளம் பெறாத பிள்ளையிடம்தான் தாம் போய்ச் சேரப்போவதாக அவர் சொல்கிறார். இதைக் கோட்பாட்டுக்கு ஆதாரமாக நான் காட்டவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் சொல்லாக உங்கள் முன் வைக்கிறேன்.

திருமுழுக்கு உங்களுக்குத் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவைக் காயத்தோடோ இரத்த இழப்போடோ கிடக்கும் தாய்க்கு அது தோன்றாமற்போவது பாவம் அன்று. பிள்ளை பிழைத்திருந்தால் அவளைக் கோவிலுக்கு எடுத்துப்போயிருப்பீர்கள் அல்லவா? அந்த எண்ணத்தையும் திருச்சபை மதிக்கிறது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்தலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1183ஆம் சட்டம் கூறுகிறது. எனவே வேலியோரத்தில்தான் புதைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். திருச்சபையின் விதி அன்று. உங்கள் பங்குத்தந்தையைப் பார்த்து, மகளுக்காக ஒரு திருப்பலியும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறை மந்திரிப்பின்போது அந்தச் சிறு குழிக்குத் தீர்த்தமும் கேளுங்கள். அவளுக்கென்று நினைத்திருந்த பெயரை ஒரு சிறு சிலுவையில் எழுதி வையுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரும் ஒரு பேத்தியை இழந்திருக்கிறார்.

கேள்வி: பென்னாகரம் பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான், கிறித்தவன் அல்லன். பெண் என்பதற்காகவே கொல்லப்பட்ட சிசுக்களைப் பற்றி எங்கள் மாவட்டம் வெளியே பேசத் தயங்கிய காலத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளைப் பற்றி உங்கள் மதம் என்ன சொல்கிறது?

பதில்: ஐயா, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளை டிசம்பர் 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் விழாவில் திருச்சபை புனிதர்களாக வணங்குகிறது. அவர்களில் ஒருவரும் திருமுழுக்குப் பெற்றவர் அல்லர். கிறிஸ்துவை அறிந்தவரும் அல்லர். வன்முறைக்குப் பலியாகும் குழந்தைகளை இவர்களோடு ஒப்பிட்டு நோக்கலாம் என்று மேலே சொன்ன 2007ஆம் ஆண்டு ஆவணமே கூறுகிறது. பெற்றோரின் மதத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கும் முன்பு கள்ளிப்பாலுக்கு இரையான பிள்ளைகளும் அந்தப் பெத்லகேம் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்றே நான் வேண்டி வருகிறேன்.

கேள்வி: நாங்கள் கிருஷ்ணகிரியில் மூன்று தலைமுறையாக லுத்தரன் சபையார். என் மனைவியின் குடும்பம் ஓசூரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தது. எங்கள் மகனுக்கு மூன்று மாதம் ஆகிறது. குழந்தைகள் எப்படியும் மீட்கப்பட்டவர்களே, அவனாக விசுவாசித்த பின் முழுக்கு எடுக்கட்டும், இப்போது கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை செய்தால் போதும் என்கிறார் மாமனார். அது உண்மையானால் ஞானஸ்நானம் எதற்கு?

பதில்: சகோதரரே, 1895இல் அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையின் மிஷனெரிமார் தம் இந்தியப் பணியைத் தொடங்கிய ஊரிலிருந்து இக்கேள்வி வருவது எனக்கு மகிழ்ச்சி. நான் கத்தோலிக்கன்; ஆயினும் உங்கள் சபையின் போதனையை அதன் சொற்களிலேயே சொல்ல முயல்கிறேன்.

ஞானஸ்நானம் மீட்புக்கு அவசியம், பிள்ளைகளுக்கும் அது கொடுக்கப்பட வேண்டும் என்று லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை ஒன்பதாம் பிரிவில் கூறுகிறது. ஆனால் அதே போதனையைக் கொண்டிருந்த மார்ட்டின் லுத்தரே, தம் மகள் எலிசபெத்தை எட்டு மாதத்தில் பறிகொடுத்தவர், 1542இல் கருச்சிதைவுற்ற தாய்மாருக்காக ஒரு சிறு ஆறுதல் உரை எழுதினார். வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு விசுவாசத் தாய் விட்ட பெருமூச்சும், சொல்லாய் வெளிவராத ஏக்கமும் கடவுள் முன் ஜெபமே என்றும், ஞானஸ்நானம் கொடுக்க இயலாமற்போன அப்பிள்ளையை அதற்காக இழந்துபோனதாக எண்ணலாகாது என்றும் அதில் தேற்றினார். ஞானஸ்நானத்தை இகழ்வது வேறு, அது கிட்டாமற்போவது வேறு என்பதே அவர் வழிவந்தோரின் நிலை.

உங்கள் மாமனாரின் சபை வேறொரு தொடக்கத்திலிருந்து வருகிறது. விசுவாச அறிக்கை செய்பவருக்கே முழுக்கு என்பதால், அந்த வயதை எட்டாத பிள்ளை கிறிஸ்துவின் மீட்பில் ஏற்கெனவே அடங்கியிருப்பதாக அவர்கள் கொள்கிறார்கள். அது அலட்சியத்தில் பிறந்த போதனை அன்று. "தேவனுடைய ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது" என்ற வசனத்தை அவர்கள் மனதார எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, இறந்த குழந்தையைப் பற்றி நம்மிடையே இன்று பெரிய தூரம் இல்லை. உயிரோடிருக்கும் குழந்தையைப் பற்றித்தான் தூரம் இருக்கிறது.

ஞானஸ்நானம் எதற்கு என்று கேட்டீர்கள். அதை நரகத்துக்கு எதிரான காப்பீடாக மட்டும் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடையே இல்லை. என் மகன் பசியால் சாக மாட்டான் என்று தெரிந்ததால் அவனைப் பந்தியில் உட்கார வைக்காமல் இருப்பேனா? அவன் கேட்கும் முன்பே பெயர் வைக்கிறோம், மொழியைக் கொடுக்கிறோம், தடுப்பூசி போடுகிறோம், தாத்தாவின் மடியில் உட்கார வைக்கிறோம். அதுபோலவே, கிறிஸ்துவின் இறப்பிலும் உயிர்ப்பிலும் அவனை நட்டு, ஒரு சபையின் நடுவே வளரவிடுவதே ஞானஸ்நானம். கடவுள் முதலில் அன்புகூர்ந்தார், நாம் பின்னர் விடை சொல்கிறோம் என்ற வரிசையைக் கைக்குழந்தையின் தலையில் விழும் தண்ணீரைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன். உங்கள் மனைவியின் மனம் இதற்கு இசையும்வரை அவரோடு பேசுங்கள். மாமனாரோடு வாதாடி வெல்வதால் பிள்ளைக்கு நன்மை ஏதும் இல்லை.

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செவிலியராக இருக்கிறேன், இந்து. எலத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார், சாகக்கிடந்த தம் குழந்தைக்கு என்னையே தண்ணீர் ஊற்றச் சொல்லி அழுதார். எனக்கு உரிமை இல்லை என்று மறுத்துவிட்டேன். தவறு செய்துவிட்டேனா?

பதில்: தவறில்லை, சகோதரி, உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாவு நெருங்கிய வேளையில் யார் வேண்டுமானாலும், திருமுழுக்குப் பெறாதவர்கூட, திருமுழுக்குக் கொடுக்கலாம். 1439இல் புளோரன்சு பொதுச்சங்கமே இதைச் சொல்லிவிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 861ஆம் எண்ணும் அதையே சொல்கிறது. இதில் திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்கிறேன் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் போதும்.

சிகிச்சைக்கு இடையூறு இல்லாமல், சாதாரணத் தண்ணீரோ மருத்துவமனையின் சுத்திகரித்த நீரோ எடுத்து, தலையில் சிறிதளவு வழிந்தோடும்படி ஊற்றுங்கள். ஊற்றும்போதே, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்லுங்கள். எண்ணெயும் மெழுகுதிரியும் தேவையில்லை. பெற்றோர் கேட்டால் மட்டும் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். உயிர் பிரிந்துவிட்டது உறுதியானால் ஊற்ற வேண்டாம், ஏனெனில் அருளடையாளங்கள் உயிரோடிருப்பவர்களுக்கு உரியவை. அப்போது தகப்பனாரோடு நின்று அவர் வேண்டுவதைக் கேட்டாலே போதும். குழந்தை பிழைத்துவிட்டால் மறுபடி திருமுழுக்குக் கொடுக்க மாட்டார்கள். எஞ்சிய சடங்குகளை மட்டும் கோவிலில் நிறைவு செய்வார்கள். அதற்காகவே, குழந்தையின் பெயரையும் ஊற்றிய நாளையும் நேரத்தையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் அது ஏறும்.