பி.டி.எஃப் பிரவுசரிலேயே திறக்கிறதா? மாற்றுவது எப்படி

கேள்வி: என்னுடையது விண்டோஸ் 11 கணினி. பி.டி.எஃப் படிப்பதற்கென்றே தனியாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறேன். ஆனாலும் கோப்பை டபுள் கிளிக் செய்தால் எட்ஜ் பிரவுசரில்தான் திறக்கிறது. ரைட் கிளிக் செய்து 'ஓபன் வித்' வழியாகப் போனால் அந்த ஒரு தடவை சரியாக வருகிறது, மறுநாள் பழைய கதைதான். ஒரேயடியாக மாற்ற முடியாதா?

பதில்: முடியும், அரை நிமிட வேலை. நீங்கள் பாதி வழி போய்விட்டுத் திரும்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

'ஓபன் வித்' மீது சுட்டியை வைத்ததும் பக்கத்தில் ஒரு பட்டியல் விரியும். அதில் இருக்கும் மென்பொருளைச் சொடுக்கினால் அது அந்த ஒரு தடவைக்கு மட்டும். பட்டியலின் கடைசியில் 'சூஸ் அனதர் ஆப்' என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான் போக வேண்டும். அப்போது வரும் பெட்டியில் உங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததும், கீழே 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்ற இரண்டு பொத்தான்களைப் பார்ப்பீர்கள். 'ஆல்வேஸ்' அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் பொத்தானுக்குப் பதிலாக, எப்போதும் இதையே பயன்படுத்து என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டு ஓகே கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது அந்தக் கட்டத்தில்தான். பெட்டியில் உங்கள் மென்பொருளின் பெயரே இல்லையென்றால், கணினியிலிருந்து தேடி எடுக்கும் வாய்ப்பும் அதே பெட்டியின் அடியில் இருக்கும். பெரும்பாலான மென்பொருள்கள் சி டிரைவில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும்.

"புது மென்பொருள் போட்டபோதே தானாக மாறியிருக்க வேண்டாமா?" என்று தோன்றலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் மாறியது, அது பெரிய தொல்லையாகவும் இருந்தது. பாட்டுக் கேட்க ஒரு பிளேயர் போட்டால், அது கேட்காமலேயே கணினியில் இருக்கும் பாட்டு, படம் எல்லாவற்றையும் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்தக் கதவை மூடிவிட்டார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்ததை விண்டோஸ் ஒரு சரிபார்ப்புக் குறியோடு சேர்த்துப் பதிந்து வைக்கிறது. வேறு மென்பொருள் அதில் கை வைத்தால் குறி பொருந்தாது, விண்டோஸ் அதை ஏற்காது. அதனால்தான் இன்றைய மென்பொருள்கள் உங்களிடம் கேட்பதோடு நின்றுவிடுகின்றன. மாற்றுவது உங்கள் கையில்.

பல வகைக் கோப்புகளை ஒரே இடத்தில் மாற்ற வேண்டுமென்றால், செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதற்குள் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து, கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எழுத்துகளைத் (.pdf என்பதுபோல) தட்டினால், இப்போது எந்த மென்பொருள் அதைத் திறக்கிறது என்று காட்டும். அதைச் சொடுக்கி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸ் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, வால் எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது. ஆகவே அதன் கணக்கில் வேர்டு கோப்புகளில் டாக் வேறு, டாக்எக்ஸ் வேறு. படங்களில் ஜேபிஜி வேறு, ஜேபிஇஜி வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

சரி, இவ்வளவும் செய்த பிறகு, "இணையத்தில் ஒரு பி.டி.எஃப் இணைப்பைச் சொடுக்கினால் மறுபடியும் பிரவுசரில்தான் திறக்கிறது" என்று நிச்சயம் எழுதுவீர்கள். அது வேறு விவகாரம். மேலே சொன்ன அமைப்பு கணினியில் சேமித்த கோப்புகளுக்கு உரியது. இணைப்பைச் சொடுக்கும்போது பிரவுசர் விண்டோஸிடம் கேட்பதே இல்லை, தன்னிடம் உள்ள பி.டி.எஃப் வசதியில் தானே காட்டிவிடுகிறது. ஆகவே பிரவுசருக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். எட்ஜில் செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் பி.டி.எஃப் என்று தேடினால், எப்போதும் டவுன்லோடு செய்யச் சொல்லும் சுவிட்ச் கிடைக்கும். குரோமில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்' என்று உள்ளே போய், அடியில் உள்ள கூடுதல் அமைப்புகளைத் திறந்தால் பி.டி.எஃப்-க்கான வரி வரும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஃபயர்ஃபாக்ஸ். அதன் 'ஜெனரல்' பக்கத்தில் 'அப்ளிகேஷன்ஸ்' பகுதிக்குப் போனால், பி.டி.எஃப் வந்தால் எந்த மென்பொருளிடம் கொடுக்க வேண்டும் என்றே நேரடியாகச் சொல்லிவிடலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்ட் விசையோடு 'ஐ' அழுத்துங்கள். வரும் சாளரத்தில் 'ஓபன் வித்' பகுதியில் மென்பொருளை மாற்றிவிட்டு, அதன் கீழே உள்ள 'சேஞ்ச் ஆல்' பொத்தானையும் அழுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் மாற்றம் அந்த ஒரு கோப்போடு நின்றுவிடும்.

தவறிப்போய் வேறெதையாவது தேர்ந்தெடுத்து, எல்லா பி.டி.எஃப்-களும் நோட்பேடில் புரியாத குறிகளாகத் திறந்தால் பதற வேண்டாம். கோப்புகளுக்கு எதுவும் ஆகவில்லை. அங்கே எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, அதே வழியில் போய்ச் சரியான மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: சி.எஸ்.வி கோப்புகள், அதாவது தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்புகள், உங்கள் கணினியில் எதில் திறக்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். எக்செல் போட்டிருந்தால் பெரும்பாலும் அதில்தான் திறக்கும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்களில் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். சும்மா பார்க்கத் திறந்து, மூடும்போது பழக்கத்தில் 'சேவ்' கொடுத்துவிட்டால் அப்புறம் மூல எண் திரும்பாது. அதனால் சி.எஸ்.வி-க்கு நான் நோட்பேடையே வைத்திருக்கிறேன். கணக்குப் போட வேண்டியிருந்தால் எக்செலைத் தனியாகத் திறந்து, 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளே எடுத்து, அந்த எண்கள் உள்ள நெடுவரிசையை எழுத்தாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.