கணவருக்கு வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிறது, பையன் அப்பாவிடம் ஒட்டுவதே இல்லை. வேலையை விடச் சொல்லலாமா?

விடச் சொல்வதற்கு முன்னால் ஷிஃப்ட் சார்ட்டைப் பாருங்கள். ஏ ஷிஃப்ட் காலை 6–மதியம் 2, பி மதியம் 2–ராத்திரி 10, சி (நைட்) ராத்திரி 10–காலை 6, ஞாயிறு லீவு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எல்லாரும் நைட்டைத்தான் திட்டுவார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற வீட்டைக் கெடுப்பது பி ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்கு அவர் கம்பெனி பஸ் ஏறும்போது பையன் வகுப்பில். ராத்திரி 11க்கு வரும்போது தூக்கத்தில். காலையில் எட்டரை வரை படுத்துவிட்டால் ஆறு நாளும் முகம் பார்க்க வழியில்லை. சி ஷிஃப்டிலாவது சாயங்காலம் 4 முதல் 9 வரை அப்பா வீட்டில் இருப்பார். "நீ நைட் பார்த்துட்டு வந்து பேசு" என்று கமென்டில் யாராவது வருவார்கள். உடம்புக்கு நைட்தான் கெடுதல், மறுக்கவில்லை. இங்கே கேள்வி பிள்ளையைப் பற்றியது.

பி வாரத்தில் ராச்சாப்பாட்டைக் கேன்டீன் இடைவேளையிலேயே முடித்துவிட வேண்டும். 11 மணிக்கு மேல் சோறு பிசைந்தால் படுக்க ஒன்றாகும். வந்ததும் ஒரு டம்ளர் பால், 12க்குள் படுக்கை. ஆறரைக்கு எழுந்து பையனைக் கிளப்பிப் பள்ளியில் விடுவது அவர் வேலை, உங்களுடையது அல்ல. திரும்பி வந்து 9 முதல் பத்தரை வரை மிச்சத் தூக்கம்.

சி வாரத்தில் கடைசி டீ ராத்திரி 2 மணிக்கு. விடியற்காலை 4 மணி டீ குடித்தால் காலையில் படுத்துப் புரள வேண்டியதுதான். வீடு வந்ததும் இரண்டு இட்லி, ஏழரைக்குப் படுக்கை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காலிங் பெல் ஆஃப்.

அடுத்தது சுற்றுகிற திசை. ஏ, பி, சி என்ற வரிசை நல்லது. படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட உடம்பு இடம் கொடுக்கும், முன்னால் இழுத்தால் முரண்டு பிடிக்கும். ஏ முடிந்து பி தொடங்க 48 மணி நேரம், பி முடிந்து சி தொடங்கவும் 48. சி முடிவதோ ஞாயிறு காலை 6, ஏ தொடங்குவது திங்கள் காலை 6. வெறும் 24. சட்டப்படி அதுவும் முழு லீவுதான்: நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்கு, அது முடிந்ததிலிருந்து தொடர்ந்து 24 மணி நேரமே வார விடுமுறை என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் 57ஆம் பிரிவு எழுதி வைத்தது. அந்த ஞாயிறு சாயங்காலம் வரை தூங்கவிட்டால் ராத்திரி கொட்டக்கொட்ட விழித்திருந்து, திங்கள் காலை அரைத் தூக்கத்தில் மெஷின்முன் நிற்பார். 11 மணிக்கு எழுப்பிவிடுங்கள். எரிந்து விழுவார், விழட்டும்; ராத்திரி 9க்குத் தானாகக் கண் சொருகும்.

வேலையையே வெறுக்க வைப்பது பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் திடீர் மாற்றம். கூட வேலை செய்பவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் வாய்ப்பேச்சோடு விடாமல் சூப்பர்வைசரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆப்சென்ட் இவர் பெயரில் விழும். அடுத்த ஷிஃப்ட் ஆள் (ரிலீவர்) வராமல் இவரே அந்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓ.டி. (ஓவர்டைம்) இரட்டைச் சம்பளமாக ஏறியிருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். சிங்கிளாகப் போடும் இடங்கள் ஏராளம்.

இரண்டு சுற்று, அதாவது ஆறு வாரம், இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் வேலை என்றாலே "பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம்" என்று வாடகைக்கு வீடு தர மறுக்கும் ஹவுஸ் ஓனர்களே, உங்கள் வீட்டு ஃபேனும் பைக்கும் ராத்திரி ஷிஃப்டில் செய்ததாகத்தான் இருக்கும்.